தாயக்கட்டையும் புளியங்கொட்டையும்: பத்தாம் வகுப்பில் புள்ளியியல் நடத்துவது எப்படி?

ஒரு கணித ஆசிரியை கேட்டிருக்கிறார்: "பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். இயற்கணிதத்தில் ஓரளவு உற்சாகமாக இருக்கும் பிள்ளைகள் புள்ளியியலுக்கு வந்ததும் வாடிவிடுகிறார்கள். திட்டவிலக்கத்தின் சூத்திரம் தெரிகிறது, அது எதற்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இதைச் சுவாரசியமாக நடத்த வழி உண்டா?"

உண்டு. இருபது ஆண்டுகளுக்கு மேல் உயர்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு நடத்தியவள் என்ற உரிமையில் சொல்கிறேன். பள்ளிக் கணக்கில் வகுப்பையே கலகலக்க வைக்கக்கூடிய பாடம் இதுதான். அதைத்தான் நாம் கடைசியில் தள்ளிவைத்து, அவசரத்தில் கொன்றுவிடுகிறோம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூலில் 'புள்ளியியலும் நிகழ்தகவும்' எட்டாவது அத்தியாயம், அதாவது கடைசி அத்தியாயம். நாம் அங்கே போய்ச் சேரும்போது திருப்புதல் தேர்வுகள் தலைக்கு மேல் நிற்கும். நேரடி முறை, கூட்டுச் சராசரி முறை, ஊகச் சராசரி முறை, படிவிலக்க முறை என்று நான்கையும் ஒரு வாரத்தில் திணிக்கிறோம். நான்கிலும் விடை ஒன்றுதான். ஒரே கிணற்றுக்குள் இறங்க நான்கு படிக்கட்டுகளைக் காட்டுகிறோம், தண்ணீர் எதற்கு என்று மட்டும் சொல்வதில்லை.

நோய் எங்கே இருக்கிறது என்று நான் பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். புத்தகத்தில் எண்கள் தயாராக உட்கார்ந்திருக்கின்றன. அவை யாருடைய எண்கள், யார் எடுத்தார்கள், விடை பெரிதாக வந்தால் யாருக்கு நட்டம் என்று எதுவும் தெரியாது. பிள்ளைக்கும் அந்த எண்களுக்கும் உறவே இல்லை. ஆகவே நான் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் ஊகம், அடுத்து தரவு, பிறகு தகராறு, கடைசியில்தான் சூத்திரம். ஒரு பிள்ளை தன் வாயால் ஓர் எண்ணை ஊகித்துச் சொல்லிவிட்டால் போதும், உண்மையான எண் தெரியும் வரை அவனுக்கு இருப்புக்கொள்ளாது. பாட்டு, பரிசு, மின்னும் காணொளி இவற்றையெல்லாம் நானும் முயன்றிருக்கிறேன். அவை அந்த ஒரு பாடவேளைக்கு உதவின. ஊகம் ஆண்டு முழுவதும் உதவியது.

எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் திட்டவிலக்கத்திலிருந்தே தொடங்குகிறேன், உங்களுக்கு வலிக்கும் இடம் அதுதான் என்பதால்.

பிள்ளைகளை இருவர் இருவராக உட்கார வையுங்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், மற்றவர் கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்க்க வேண்டும். நீங்கள் 'தொடங்கு' என்றதும், கண்ணை மூடியவர் சரியாக ஒரு நிமிடம் ஆகிவிட்டது என்று தோன்றும்போது கையைத் தூக்குவார். அப்போது எத்தனை நொடி என்று இணையர் குறித்துக்கொள்வார். கடிகாரம் 'டிக் டிக்' என்று சத்தமிடுவதாக இருந்தால் தள்ளி வையுங்கள், அதை எண்ணிவிடுவார்கள். பிறகு ஆள் மாறிச் செய்ய வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் வகுப்பு இதுவரை கண்டிராத அமைதியில் இருக்கும். முப்பத்தைந்தாவது நொடியில் ஒரு கை உயரும். எழுபதாவது நொடியிலும் சிலர் கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருப்பார்கள்.

இடப்பக்க வரிசைகள் ஓர் அணி, வலப்பக்க வரிசைகள் ஓர் அணி. எந்த அணி வென்றது? உடனே "சராசரி பார்க்கலாம்" என்பார்கள். பாருங்கள். உண்மையான தரவு அழகாக அமையாது, ஆகவே அதைப் பேசியபின் பலகையில் ஐந்தைந்து எண்களாகச் சுருக்கி ஓர் உதாரணம் எழுதுங்கள். ஓர் அணி: 58, 59, 60, 61, 62. இன்னோர் அணி: 40, 50, 60, 70, 80. இரண்டுக்கும் சராசரி 60. இரண்டும் சமமா? வகுப்பு கொதிக்கும். "அதெப்படி டீச்சர், அவர்களில் ஒருவர் நாற்பதிலேயே கையைத் தூக்கினாரே!" என்று குரல் வரும். இந்தக் குரலுக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். சராசரி எதையோ மறைக்கிறது என்று ஒரு பிள்ளை கோபத்தோடு சொல்கிறது என்றால், திட்டவிலக்கம் வாசலில் வந்து நிற்கிறது என்று பொருள்.

இப்போது அவசரப்படாதீர்கள். "சரி, எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதை ஒரே எண்ணால் எப்படிச் சொல்வது?" என்று கேட்டுவிட்டுப் பலகையைவிட்டு விலகி நில்லுங்கள். முதலில் வீச்சு, அதாவது பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் உள்ள வேறுபாடு வரும், 4, 40 என்பார்கள். நல்ல விடை. ஆனால் நடுவில் இருப்பவர்கள் எப்படி இருந்தாலும் வீச்சு மாறாதே என்று யாராவது சொல்லும் வரை காத்திருங்கள். அடுத்து, ஒவ்வொருவரும் 60-லிருந்து எவ்வளவு விலகினார்கள் என்று கூட்டிப் பார்க்கலாம் என்பார்கள். கூட்டச் சொல்லுங்கள். -20, -10, 0, 10, 20. கூட்டினால் பூச்சியம். மற்ற அணிக்கும் பூச்சியம். இன்னும் சில தரவுகளைக் கொடுத்துப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் பூச்சியம். எதற்கும் பூச்சியமே தரும் அளவுகோலால் என்ன பயன் என்று வகுப்பு திகைக்கும்போது, ஏன் எப்போதும் பூச்சியம் என்று கேளுங்கள். சராசரி என்பதே கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுகட்டும் புள்ளி என்பதை அந்த நிமிடத்தில்தான் பல பிள்ளைகள் முதன்முதலாகப் புரிந்துகொள்கிறார்கள். சிறிய வகுப்புகளிலிருந்தே சராசரி கண்டுபிடித்து வந்தவர்கள் அவர்கள்.

குறிதான் தொல்லை என்று தெரிந்துவிட்டது. குறியை நீக்க இரண்டு வழிகள் வரும். ஒன்று, குறியைக் கணக்கில் எடுக்காமல் எண்ணை மட்டும் கொள்வது. இன்னொன்று, வர்க்கப்படுத்துவது. இந்த இடத்தில் நல்ல பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்: குறியைப் புறக்கணித்தால் போதாதா, ஏன் வர்க்கம்? 'புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது' என்று சொல்லிவிடாதீர்கள். குறியைப் புறக்கணித்தும் ஓர் அளவு உண்டு, அதன் பெயர் சராசரி விலக்கம் என்று சொல்லுங்கள். பிறகு இரண்டு பஸ்களின் கதையைச் சொல்லுங்கள். நான்கு நாள் கணக்கு. முதல் பஸ் இரண்டு நாள் 5 நிமிடம் முந்தியும் இரண்டு நாள் 5 நிமிடம் பிந்தியும் வந்தது. இரண்டாவது பஸ் இரண்டு நாள் சொன்ன நேரத்துக்கு வந்தது, ஒரு நாள் 10 நிமிடம் முந்தி வந்தது, ஒரு நாள் 10 நிமிடம் பிந்தி வந்தது. குறியில்லாமல் கூட்டினால் இரண்டுக்கும் 20. வர்க்கப்படுத்திக் கூட்டினால் முதல் பஸ்ஸுக்கு 100, இரண்டாவதற்கு 200. பஸ் பத்து நிமிடம் முன்னால் போய்விட்ட நாளில் பள்ளிக்கு நடந்துவந்த பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பெரிய விலகலுக்குப் பெரிய தண்டனை, அதுதான் வர்க்கம் செய்யும் வேலை. உயர்கணிதத்தில் வர்க்கத்தைக் கையாள்வது எளிது என்பது இன்னொரு காரணம், அதையும் மறைக்க வேண்டாம்.

நம் இரண்டாவது அணிக்குத் திரும்பினால், வர்க்கங்களின் கூடுதல் 1000, ஐந்தால் வகுத்தால் 200. 200 என்ன? நொடியா? இல்லை, சதுர நொடி. சதுர நொடி என்று ஒன்றை யாராவது பார்த்திருக்கிறீர்களா? வர்க்கமூலம் எடுத்தால்தான் நொடிக்குத் திரும்புவோம்: 14.14. முதல் அணிக்கு 1.41. விலகல்கள் பத்து மடங்கு, திட்டவிலக்கமும் பத்து மடங்கு. இப்போது பலகையில் சூத்திரத்தை எழுதுங்கள். அதன் ஒவ்வோர் உறுப்பையும் ஏற்கெனவே அவர்கள் பேசி முடித்திருப்பார்கள். அவர்கள் செய்த பண்டத்துக்கு நீங்கள் பெயர் மட்டும் சூட்டுகிறீர்கள்.

இதற்கு இரண்டு பாடவேளைகள் ஆகும். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டாமா என்று உங்கள் மனம் பதறும், எனக்கும் பதறியது. ஆனால் பிறகு படிவிலக்க முறைக்கு வரும்போது அந்த நேரம் திரும்பக் கிடைத்துவிடுகிறது. ஏன் கழிக்கிறோம், ஏன் வகுக்கிறோம், கடைசியில் ஏன் திரும்பப் பெருக்குகிறோம் என்று தெரிந்த பிள்ளைக்கு மூன்று கணக்குகள் போதும். தெரியாத பிள்ளைக்கு முப்பது கணக்குகளும் போதாது.

இடைநிலை அளவுக்கு, அதாவது எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணுக்கு, ஒரு கண்ணாடிப் பாட்டில் நிறையப் புளியங்கொட்டை கொண்டுபோங்கள். எத்தனை கொட்டைகள் இருக்கும் என்று ஆளுக்கு ஒரு சீட்டில், ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காமல், எழுத வேண்டும். சீட்டுகளை ஏறுவரிசையில் அடுக்கி நடுச்சீட்டை எடுங்கள். 1907-இல் ஆங்கிலேய அறிஞர் ஃபிரான்சிஸ் கால்டன் செய்ததும் இதுதான். இங்கிலாந்தின் பிளிமத் நகரில் நடந்த கால்நடைக் கண்காட்சியில், ஒரு மாட்டைக் கசாப்புச் செய்தபின் என்ன எடை இருக்கும் என்று மக்கள் காசு கொடுத்து ஊகித்த 787 சீட்டுகளை அவர் வாங்கி அடுக்கினார். நடுச்சீட்டில் 1207 பவுண்டு. உண்மை எடை 1198. கூட்டத்தில் மாட்டு வியாபாரிகளும் இருந்தார்கள், ஒன்றும் தெரியாதவர்களும் இருந்தார்கள். ஆனாலும் நடுச்சீட்டு ஒரு சதவீதத்துக்குள் வந்து நின்றது. உங்கள் வகுப்பிலும் ஒரு குறும்புக்காரன் 'பத்து லட்சம்' என்று எழுதிக் கொடுப்பான். அவனைத் திட்டாதீர்கள், அன்றைய பாடத்துக்கு அவன்தான் கதாநாயகன். அவனுடைய ஒரே சீட்டு சராசரியை எங்கோ தூக்கி எறிந்துவிடும். நடுச்சீட்டோ அசையாமல் இருக்கும். இடைநிலை அளவு எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

அந்தப் புளியங்கொட்டைகளைத் தூக்கிப்போடாதீர்கள். அடுத்த வாரம் ஒரு துணிப்பையில் சில நூறு கொட்டைகளைப் போட்டு, முழுவதையும் எண்ணாமலே எத்தனை என்று சொல்லச் சொல்லுங்கள். வழி இது: பையிலிருந்து 50 கொட்டைகளை எடுத்து நகப்பூச்சால் ஒரு பொட்டு வையுங்கள். சுண்ணாம்பு உதிர்ந்துவிடும், நகப்பூச்சுதான் நிற்கும். காய்ந்ததும் பைக்குள் போட்டு நன்றாகக் குலுக்கி, பார்க்காமல் 60 கொட்டைகளை அள்ளுங்கள். அதில் 6 கொட்டைகளுக்குப் பொட்டு இருந்தால், அள்ளியதில் பத்தில் ஒன்று பொட்டுள்ளது. பை முழுவதிலும் பத்தில் ஒன்று பொட்டுள்ளது என்று கொண்டால், மொத்தம் சுமார் 500. வெறும் விகிதக் கணக்கு. ஆனால் ஒவ்வொரு குழுவும் வெவ்வேறு விடை சொல்லும். "யார் தப்பு?" என்று கேட்பார்கள். யாரும் தப்பில்லை, முழுவதையும் எண்ணாமல் ஒரு பகுதியை மட்டும், அதாவது கூறு எடுத்தால் விடை ஆடத்தான் செய்யும் என்பதை அவர்களே தங்கள் கைகளால் பார்த்துவிடுகிறார்கள். கடைசியில் எண்ணிப் பார்க்கும்போது எழும் கூச்சலை நீங்கள் பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

பிறகு முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் கூட்டிப்போங்கள், வாய்வார்த்தையாக. காட்டில் புலிகளை வரிசையில் நிற்கவைத்து எண்ண முடியாது. ஒரு புலியின் உடல்வரிகள் போல் இன்னொரு புலிக்கு இருப்பதில்லை. ஆகவே வரிகளே பொட்டு, தானியங்கிக் கேமராவே அள்ளும் கை. முதலில் படத்தில் விழுந்த புலிகளில் எத்தனை மறுபடி விழுகின்றன என்பதிலிருந்து, படத்தில் விழாதவற்றையும் சேர்த்து மதிப்பிடுகிறார்கள். 2022 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த 306 என்ற எண்ணுக்குப் பின்னால், உங்கள் பிள்ளைகள் துணிப்பையில் செய்த யோசனையின் வளர்ந்த வடிவம் இருக்கிறது.

நிகழ்தகவுக்கு வருவோம். பாடநூல் பகடையையும் சீட்டுக்கட்டையும் கொண்டுவருகிறது. பல கிராமத்துப் பிள்ளைகள் சீட்டுக்கட்டைத் தொட்டதே இல்லை. வீட்டில் தொட்டால் அடி விழும். ஐம்பத்திரண்டு சீட்டில் எத்தனை ராஜா என்று அவர்கள் மனப்பாடம் செய்துதான் வருகிறார்கள். தேர்வுக்கு அது வேண்டும், சொல்லிக்கொடுங்கள். ஆனால் தொடக்கம் தாயக்கட்டையாக இருக்கட்டும்.

நாலு பக்கம் கொண்ட நீளக் கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். (உங்கள் ஊர்க் கட்டையில் வேறாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், கணக்கு உள்ளூர்க் கட்டைக்குத்தான் பொருந்த வேண்டும்.) இரண்டையும் உருட்டினால் கூறுவெளியில், அதாவது விழக்கூடிய எல்லா விளைவுகளின் தொகுப்பில், 16 விளைவுகள். கூடுதல் பூச்சியம் ஒரு வழியில் வரும், அதைத்தான் பன்னிரண்டு என்கிறோம். ஒன்று, அதாவது தாயம், இரண்டு வழிகளில். இரண்டு மூன்று வழிகளில், மூன்று நான்கு வழிகளில், நான்கு மூன்று வழிகளில், ஐந்து இரண்டு வழிகளில், ஆறு ஒரு வழியில். இதைப் பிள்ளைகளே நாலுக்கு நாலு கட்டம் போட்டு எழுதட்டும்.

எழுதி முடித்ததும் கேளுங்கள்: ஆட்டத்தில் எந்த எண் விழுந்தால் மறுபடி உருட்டலாம்? தாயம் ஆடிய பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள்: ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு. இப்போது கட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்த வழிகளில் வருபவை எவை? அதே நான்கும்தான்! அடிக்கடி விழும் இரண்டு, மூன்று, நான்குக்கு ஒரு சலுகையும் இல்லை. அரிதாக விழுபவற்றுக்கு மட்டும் மறு உருட்டல். 16-இல் 6, அதாவது எட்டில் மூன்று. இந்த விதிகளை வகுத்தவர்கள் கூறுவெளி என்று பலகையில் எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் திண்ணையில் தலைமுறை தலைமுறையாக உருட்டி உருட்டி எது அரிது என்று அறிந்திருக்கிறார்கள். முதன்முதலில் இதை நான் கட்டம் போட்டுப் பார்த்த நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. வகுப்பில் சொல்லும்போது இன்றும் சிலிர்க்கிறது.

இதோடு நிறுத்தாதீர்கள். காய் இறக்கத் தாயம் வேண்டும். ஓர் உருட்டலில் தாயத்துக்கான நிகழ்தகவு எட்டில் ஒன்று. அப்படியானால் எட்டு முறை உருட்டினால் கட்டாயம் தாயம் விழுமா? பெரும்பாலோர் "விழும்" என்பார்கள். உருட்டிப் பார்க்கட்டும். எட்டு முறையிலும் தாயமே விழாமல் போவதன் நிகழ்தகவு எட்டில் ஏழை எட்டு முறை பெருக்கினால் வருவது, சுமார் 0.34. மூன்று பேரில் ஒருவர் எட்டு முறை உருட்டியும் வெளியே உட்கார்ந்திருப்பார். "பாட்டியோடு ஆடும்போது எனக்கு மட்டும் தாயமே விழாது டீச்சர்" என்று ஒரு பெண் சொன்னாள். அவளுக்கு மட்டும் இல்லை, அது கணக்குப்படி நடப்பது என்று தெரிந்தபோது அவள் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. அடுத்த கேள்வியை அவளே கேட்டாள்: "ஏழு முறை விழவில்லை என்றால் எட்டாவது முறை விழ வாய்ப்பு கூடுமா?" கூடாது, கட்டைக்கு நினைவு கிடையாது. லாட்டரியிலும் கைப்பேசிச் சூதாட்டங்களிலும் குடும்பங்கள் அழிவது 'இத்தனை முறை போனது, இனி வரும்' என்ற எண்ணத்தால்தான். பதினைந்து வயதில் இதை ஒரு பிள்ளை கட்டையை உருட்டித் தெரிந்துகொள்வதை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன்.

செய்து பார்த்து அறியும் பட்டறி நிகழ்தகவுக்குச் சோழி. கட்டைக்கு நாலு பக்கமும் சமம், ஆகவே எண்ணிச் சொல்லலாம். சோழி மல்லாந்து விழுமா, குப்புற விழுமா என்பதை யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது, போட்டுத்தான் பார்க்க வேண்டும். குழுவுக்கு இருநூறு முறை போட்டு, இருபது முறைக்கு ஒருமுறை விகிதத்தைக் கணக்கிட்டுப் புள்ளி வைத்து இணைத்தால், தொடக்கத்தில் துள்ளும் கோடு போகப்போக அடங்குவது தெரியும். சோழி கிடைக்கவில்லை என்றால் ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டையும் அதே வேலையைச் செய்யும்.

ஒரு வித்தையும் உங்கள் கையில் இருக்கட்டும். வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி நூறு முறை நாணயத்தைச் சுண்டி, பூவா தலையா என்று வரிசையாக எழுத வேண்டும். மறுபாதி சுண்டாமலே, சுண்டியதைப் போலத் தோன்றும்படி கற்பனையாக எழுத வேண்டும். நீங்கள் வெளியே போய்விட்டு வந்து, எது உண்மை எது போலி என்று சொல்லுங்கள். ரகசியம் எளிது. கற்பனையாக எழுதுபவர்கள் தொடர்ந்து ஐந்தாறு பூ எழுத அஞ்சுவார்கள், அது செயற்கையாகத் தெரியும் என்று. ஆனால் உண்மையில் நூறு சுண்டலில் ஒரே பக்கம் ஐந்து முறை தொடர்ந்து வருவது ஏறக்குறைய நிச்சயம். ஆறு முறை தொடர்வதுகூட ஐந்தில் நான்கு தடவை நடக்கும். நீளமான தொடர் எதில் இருக்கிறதோ அது உண்மை. சில சமயம் நீங்கள் தவறுவீர்கள், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அதுவும் நிகழ்தகவுதான்.

மாறுபாட்டுக் கெழுவுக்குச் சந்தைக்குப் போங்கள். உழவர் சந்தை வாசலில் அன்றன்றைய விலை எழுதிய பலகை இருக்கும். 1999-இல் மதுரையில் தொடங்கிய இந்தச் சந்தைகள் இன்று பல ஊர்களில் உண்டு. இல்லாத ஊரில் ஒரு காய்கறிக் கடையே போதும். இரண்டு வாரம் தக்காளி விலையையும் உருளைக்கிழங்கு விலையையும் குறிக்கச் சொல்லுங்கள். எந்தக் காய் வீட்டுக் கணக்கை அதிகம் ஆட்டுகிறது? இரண்டின் சராசரியும் வேறு என்பதால் திட்டவிலக்கத்தை நேரடியாக ஒப்பிடக் கூடாது, சராசரிக்கு எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். அதுதான் மாறுபாட்டுக் கெழு. வீட்டில் அம்மாவிடம் போய் "தக்காளிதான் நம்மை அதிகம் படுத்துகிறது" என்று ஒரு பையன் எண்ணோடு சொன்னால் அந்தப் பாடம் முடிந்தது. அதே விலைகளை வைத்து இரண்டு வரைபடங்களும் போடச் சொல்லலாம். நிலைக்குத்து அச்சைப் பூச்சியத்தில் தொடங்கினால் விலை சாதுவாகத் தெரியும், முப்பதில் தொடங்கினால் மலை ஏறுவதாகத் தெரியும். வியாபாரிக்காக ஒன்று, வாங்குபவருக்காக ஒன்று. அதன் பிறகு செய்தித்தாளில் வரும் வரைபடத்தை அவர்கள் அச்சைப் பார்க்காமல் படிக்க மாட்டார்கள்.

கூறு எடுப்பதில் வரும் ஒருபக்கச் சாய்வுக்கு அதிக நேரம் வேண்டாம். பள்ளிக்கு எப்படி வருகிறீர்கள் என்ற கேள்வியைச் சைக்கிள் நிறுத்தத்தில் நின்று ஒரு குழு கேட்கட்டும், பஸ் நிறுத்தத்தில் இன்னொரு குழு கேட்கட்டும். இரண்டு விடைகளையும் பலகையில் எழுதினாலே போதும். கூடவே 1936 அமெரிக்கத் தேர்தலைச் சொல்லுங்கள். லிட்டரரி டைஜெஸ்ட் என்ற வார இதழ் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கு மேல் திரும்பப் பெற்று, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். தொலைபேசிப் பட்டியலிலும் கார் வைத்திருப்போர் பட்டியலிலும் பெயர் எடுத்தால், பொருளாதார மந்தக் காலத்தில் ஏழைகள் எங்கே வருவார்கள்? போதாததற்கு, சீட்டைத் திருப்பி அனுப்ப அக்கறை கொண்டவர்களின் குரல் மட்டுமே வந்து சேர்ந்தது. கூறு எத்தனை பெரிது என்பது முக்கியமில்லை, எங்கிருந்து அள்ளினோம் என்பதுதான் முக்கியம். பையைக் குலுக்காமல் மேலாக அள்ளிய புளியங்கொட்டை அது.

ஓர் எச்சரிக்கை. பிள்ளைகளின் சொந்தத் தரவு வேண்டும் என்று சொன்னேன். ஆனால் எடை, நிறம், மதிப்பெண், வீட்டு வருமானம், அப்பாவின் வேலை இவற்றை வகுப்பில் தரவாக எடுக்காதீர்கள். பணியில் சேர்ந்த புதிதில் நான் ஒருமுறை எல்லோருடைய எடையையும் பலகையில் எழுத வைத்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண் தன் முறை வந்தபோது எழுந்திருக்கவே இல்லை. வகுப்பின் வீச்சும் சராசரியும் அன்று என்னவாக இருந்தன என்று எனக்குத் தெரியும், ஆனால் அவள் எனக்காக மறுபடி கை தூக்க மூன்று மாதம் ஆனது. நொடி, கொட்டை, கட்டை, விலை, பஸ் இவற்றால் யாருக்கும் காயமில்லை. கிரிக்கெட்டும் அப்படித்தான், ஆனால் அதை மட்டுமே நம்பினால் வகுப்பில் ஒரு பகுதி பேசாமல் ஒதுங்கிவிடும்.

காலம் பற்றி ஒன்று. இவற்றையெல்லாம் டிசம்பருக்கு ஒத்திவைக்காதீர்கள். இந்தியப் புள்ளியியலாளர் பேராசிரியர் மகலநோபிஸ் பிறந்த ஜூன் 29 நம் நாட்டில் புள்ளியியல் நாளாக 2007 முதல் கொண்டாடப்படுகிறது. பள்ளி திறந்த சில வாரங்களில் வரும் நாள் அது. அன்று ஒரு நிமிட விளையாட்டை நடத்தித் தரவை ஒரு தாளில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எட்டாவது அத்தியாயம் வரும்போது எண்கள் அங்கேயே காத்திருக்கும். தேர்வு வினாவுக்குப் பயிற்சி தரும்போதும், நான்கில் ஒரு கணக்காவது அந்தச் சுவர்த் தாளிலிருந்து இருக்கட்டும்.

கடைசியாக, மழை நாளில், பாதி வகுப்பு வராத நாளில் சொல்ல ஒரு நிகழ்ச்சி. இந்தியப் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் (1920–2023) எழுதிவைத்தது. 1947-இல் டெல்லிக் கலவரத்தின்போது ஏராளமானோர் செங்கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களுக்கு உணவு வழங்கும் பொறுப்பு ஒப்பந்தக்காரர்களிடம் விடப்பட்டது. உள்ளே எத்தனை பேர் என்று அரசுக்குத் தெரியாது, ஒப்பந்தக்காரர்கள் கொடுத்த கணக்குக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. புள்ளியியலாளர்களைக் கூப்பிட்டார்கள். அவர்கள் கையில் இருந்தவை, வாங்கியதாகச் சொல்லப்பட்ட அரிசி, பருப்பு, உப்பு ஆகியவற்றின் அளவும், ஓர் ஆள் ஒரு நாளைக்குச் சாப்பிடும் அளவும் மட்டுமே. மூன்றையும் தனித்தனியே வகுத்துப் பார்த்தால் மூன்று வெவ்வேறு ஆள் எண்ணிக்கைகள் வந்தன.

இந்த இடத்தில் கதையை நிறுத்துங்கள். மூன்று பொருள்களின் பெயர்களையும் பலகையில் எழுதி, எந்தக் கணக்கை நம்புவீர்கள், ஏன் என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். 'அரிசி' என்பார்கள், எல்லோரும் சாப்பிடுவது அதுதானே என்று. 'மூன்றின் சராசரி' என்று ஒருவர் சொல்வார். கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வரும் பழக்கமுள்ள ஒரு பிள்ளைதான், எனக்கு நடந்தவரை, முதலில் உப்பைச் சொல்லும்: "அரிசி விலை கூட, அதில் ஏமாற்றினால் லாபம். உப்பில் ஏமாற்றி என்ன கிடைக்கும், டீச்சர்?"